கடலடிச் சாட்சிகள்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் எங்கள் கல்லூரியின் நிலவியல் மாணாக்கர் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் சிற்றூருக்கு ஆராய்ச்சிப் பயணம் மேற்கொண்டபோது, அவர்கள் வண்டியில் ஓரிடம் வெறுமையாயிருந்தது. அதனை நிரப்பும் பொருட்டே தமிழ் ஆனர்ஸ் மாணாக்கனாகிய யான் அழைக்கப்பெற்றேன். என் விடுதி அறைத்தோழன் அத்துறையைச் சார்ந்தவன். "நன்னூலும் சேனாவரையமும் ஒருநாள் ஓய்வெடுத்துக் கொள்ளட்டும், நீ வா" என்று கையைப் பிடித்திழுத்தான், போனேன். அப்பயணத்தால் விளைந்தவற்றை எழுதுமாறு இம்மலரின் ஆசிரியர் பணித்தமையின் எழுதத் துணிந்தேன். நேயர்கள் இதனை விஞ்ஞானக் கட்டுரையாகக் கொள்ளற்க; அதற்குரிய தகுதி எனக்கில்லை. ஒரு கிழவருக்கும் அவர் பேரனுக்கும் இடையே நடந்த ஒரு வழக்கின் வரலாறாகக் கொள்வதே பொருந்தும்.

காரையின் புறத்தே விரிந்து கிடக்கும் நிலத்தைக் கண்ட அளவில், பாலை என்னும் சொல்லுக்கு யான் அதுவரை கொண்டிருந்த பொருள் மாறிற்று. மரமில்லை, புல்லும் அரிது. மஞ்சளும் சிவப்பும் சாம்பல் நிறமுமான களிமண், மழைநீரால் அரிப்புண்டு, எண்ணிறந்த வரப்பும் வாய்க்காலுமாய்ப் பிளந்து கிடக்கின்றது. இடையிடையே கண்ணாடிச் சில்லுப்போல் மின்னுவது ஜிப்சம். வெயில் ஏற ஏற அம்மின்னல் கண்ணைக் கூசச் செய்தது. குனிந்து நோக்கினால், துப்பாக்கித் தோட்டாவின் வடிவில், விரலளவாய்க் கூர்த்த கற்கள் சில கிடந்தன. "இவை கணவாயின் உறவு" என்றார் பேராசிரியர். கணவாயின் உடலுள் ஓடு இருப்பதை எங்கள் கடற்கரைப் பக்கத்தில் சிறு பிள்ளைகளும் அறியும். அதுபோல, இன்று உலகில் எங்கும் இல்லாது அற்றுப்போன பெலம்னைட் என்னும் கடற்பிராணியின் உடலுள்ளே கெட்டியாய் அமைந்திருந்த சுண்ணாம்புப் பகுதியே இத் தோட்டா. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகட்கு முன்னர் அவ்விடம் கடலாயிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலே பிளான்போர்டு என்பார் அரியலூரைச் சூழ்ந்த அப்பகுதிகளை அளந்து வரைந்ததும், பின்னர் ஸ்டொலிச்கா என்பார் அங்குக் கிடைத்த சிப்பி முதலியவற்றை வகுத்தெழுதியதும் நிலவியலார் நன்கறிந்த செய்திகள். கடல்கோள்களைப் பற்றியே படித்து வந்தவனாகிய எனக்கு, கடல் கைவிட்டுச் சென்ற நிலமொன்றின் நடுவே நிற்பது பெரும் புதுமையாயிருந்தது.

எவரும் எதனையும் எடுத்துப் பையிற் போடலாகாதென்பது பேராசிரியர் ஆணை. ஆராய்ச்சிச் சாலைக்கென அவரே இரண்டு பிடி களிமண்ணை ஒரு பையிலிட்டு, இடமும் நாளும் குறித்துக் கொண்டார்.

திரும்பிய பின்னர் ஒரு மாலை என் தோழன் என்னை அச்சாலைக்கு அழைத்துச் சென்றான். களிமண்ணை ஊறவைத்துக் கரைத்து, மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்களவே கண்ணுடைய சல்லடையில் இட்டு, நீர் தெளிந்து ஓடுமளவும் கழுவி, உலர்த்தி வைத்திருந்தான். எஞ்சியது ஒரு சிட்டிகைப் பொடி. அதனைக் கரிய தட்டொன்றிலே தூவி உருப்பெருக்கியின்கீழ் வைத்து, "இப்போது பார்" என்றான். பார்த்தேன். பொடி என்று யான் எண்ணியது பொடியன்று. ஒவ்வொன்றும் ஒரு வீடு. நத்தைபோற் சுருண்டன சில. உழுந்துபோல் தட்டையாயின சில. சிறிதும் பெரிதுமான குமிழிகளை ஒன்றோடொன்று ஒட்டினாற் போல்வன சில. அறையறையாய்ப் பகுத்து, சுவரெழுப்பி, வாயில் வைத்துக் கட்டப்பட்ட அவ்வீடுகளுக்கு உடையவர் ஒரே ஓர் உயிரணுவாலாகிய பிராணிகள். போராமினிபெரா என்பது அவற்றின் பொதுப்பெயர். மெல்லிய தூரிகையின் நுனியை நீரில் நனைத்து அவற்றுள் ஒன்றைத் தொட்டெடுத்து என் நகத்தின்மேல் வைத்தான் தோழன். மூச்சு விட்டேன்; காணாமற் போயிற்று! அவன் சினந்தது நியாயமே.

இப்பிராணிகள் இன்றும் எல்லாக் கடல்களிலும் வாழ்கின்றன. சில மேல்நீரில் மிதப்பவை. சில அடிச்சேற்றில் ஊர்பவை. மிதப்பவை இறந்தபின் அவற்றின் ஓடுகள் மழைபோல் இடையறாது கீழே விழுகின்றன. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய சாலஞ்சர் என்னும் ஆங்கிலக் கப்பல் ஆழ்கடலின் அடியிலிருந்து வாரிக் கொணர்ந்த சேற்றிற் பெரும்பகுதி இவ்வோடுகளே என்று கண்டனர். அவற்றை வகைப்படுத்தி பிரேடி என்பார் 1884-இல் வெளியிட்ட பெருநூலை இத்துறையார் இன்றும் எடுத்துப் பார்க்கின்றனராம். நடுக்கடலில் இச்சேறு ஆயிரம் ஆண்டுக்கு ஒருசில சென்டிமீட்டரே உயரும். ஆகவே கடலடியில் நீண்ட குழாயொன்றை இறக்கி மண்ணை எடுப்பார்க்கு, மேலது புதியதும் கீழது பழையதுமாக, ஏடு குலையாத சுவடியொன்று கிடைத்துவிடுகின்றது. செல்லரித்த ஏடுகளோடு போராடும் எம்போலியர்க்கு இது பொறாமை விளைக்கும் செய்தி.

நிற்க. கோடை விடுமுறைக்கு ஊர் சென்றேன். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரையை அடுத்த பனைவிளைகளின் நடுவே உள்ளது. என் தந்தையைப் பெற்ற பாட்டையாவுக்கு அப்போது வயது 86. ஊர்ப் பள்ளியில் ஆசிரியராகவும் கோயிலில் உபதேசியாராகவும் நாற்பதாண்டு இருந்தவர். செவி மிகவும் மந்தமாகிவிட்டதால் தொலைபேசியிற் பேசுதல் இயலாது. அருகிலமர்ந்து உரக்கப் பேசுதல் வேண்டும். இன்றேல் கடிதம் எழுதுதல் வேண்டும். அவருடைய அறைச்சுவரில் அவர் கைப்பட எழுதிய ஒரு பட்டிகை தொங்குகின்றது. ஆதாம் முதலாகப் பிதாக்களின் வயதைக் கூட்டிக் கூட்டி உலகத்தின் வயது ஏறக்குறைய 6000 ஆண்டு என முடித்திருப்பார். எழுத்தறியாப் பருவத்தில் யான் எண்களைக் கற்றது அப்பட்டிகையைப் பார்த்தே.

திண்ணையில் அவரருகே அமர்ந்து சிப்பிகளின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். எத்தனை காலத்தவை என்று அவர் வினவியபோது, "மிகப் பழையவை பாட்டையா" என்றேன். தொகை என் நாவின் நுனியில் இருந்தது, அதனை விழுங்கினேன். அவர் வருந்துவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அஞ்சியவன் யானே.

காலத்தை மறைத்தாயிற்று, எஞ்சியதை ஆர்வத்துடன் சொன்னேன். நீரிலும் சுண்ணாம்பிலும் உள்ள பிராணவாயுவின் அணுக்கள் எல்லாம் ஒரே எடையின அல்ல. பெரும்பாலன 16 என்னும் எடையின. ஏறக்குறைய 500-இல் ஒன்று 18 என்னும் எடையது. இவற்றை ஐசோடோப்புகள் என்பர். காலப்போக்கிற் சிதையாது நிலைத்திருப்பவை ஆதலின் இவ்விரண்டும் நிலையான ஐசோடோப்புகள் எனப்படும். ஓடு கட்டும் பிராணி கடல்நீரிலிருந்தே தன் பொருளை எடுக்கின்றது. நீர் குளிர்ந்திருப்பின் ஓட்டிலே கனத்த அணு சற்று மிகும். வெதுவெதுப்பாயிருப்பின் சற்றுக் குறையும். ஆயிரத்தில் ஒரு பங்கு மிகுதி ஏறக்குறைய 4 டிகிரிக் குளிர்ச்சியைக் காட்டும். ஓட்டினை அமிலத்திற் கரைத்து, எழும் வாயுவை எடைவாரியாகப் பிரிக்கும் கருவியில் செலுத்தினால் இவ்வளவை அறியலாம். கனத்த ஹைட்ரஜனைக் கண்டுபிடித்தமைக்காக 1934-இல் நோபெல் பரிசு பெற்ற ஹரால்டு யூரி என்னும் அமெரிக்கரே, பண்டைக் கடலின் வெப்பத்தை இவ்வாறு அறியலாம் என்று வழிகாட்டியவர். அவரும் அவர் கூட்டத்தாரும் 1951-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஸ்காட்லாந்திற் கிடைத்த பெலம்னைட் ஒன்றை அடுக்கடுக்காய்ச் சுரண்டி ஆராய்ந்து, அப்பிராணி இளமை நீங்கியபின் மூன்று கோடையும் நான்கு மாரியும் கண்டு, நான்காண்டளவில், ஒரு வசந்தத்தில் இறந்தது எனக் கணித்தனர். காரையில் என் காலடியிற் கிடந்த தோட்டாக்களின் இனத்ததே அதுவும்.

"பிறந்த தேதியும் இறந்த தேதியும் எழுதி வைத்த கல்லறைபோல் இருக்கிறதே!" என்று பாட்டையா மகிழ்ந்தார்.

அவர் மகிழ்ச்சியால் ஊக்கமுற்று மேலே சென்றேன். யூரியின் கூட்டத்தினராகிய செசாரே எமிலியானி என்னும் இத்தாலியர், ஆழ்கடற் சேற்றுக் குழாய்களில் அடுக்கடுக்காய்க் கிடந்த மிதக்கும் போராமினிபெராக்களை ஆராய்ந்து 1955-இல் ஒரு பெருங்கட்டுரை வெளியிட்டார். கனத்த அணுவின் அளவு ஏறியும் இறங்கியும் பலமுறை அலைபோல் வந்திருந்தது. பனியூழிகள் நான்கே என்று அதுவரை நம்பியிருந்தோர்க்கு, அவை அதனினும் பல என்று அவர் காட்டினார். அவ்வலையின் பெரும்பகுதி நீரின் குளிர்ச்சியால் வந்தது எனவும், பனியூழியில் வெப்பமண்டலக் கடலே ஏறக்குறைய 6 டிகிரி குளிர்ந்தது எனவும் கணித்தார். யானும் பாட்டையாவுக்கு, "ஓட்டைப் பார்த்தால் போதும், அன்றைய கடல் எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று சொல்லிவிடலாம்" என்று வீறாப்பாய் முடித்தேன்.

பாட்டையா சிறிதுநேரம் பேசவில்லை. பின்னர், "சாட்சி ஒன்றுதானே ஐயா?" என்றார்.

"ஒன்றா? நூற்றுக்கணக்கான ஓடுகளைக் கரைத்திருக்கிறார்கள் பாட்டையா!"

"எல்லாம் மேல்தண்ணீரில் மிதந்தவைதானே? ஒரே வீட்டார் நூறு பேர் வந்து சொன்னாலும் அது ஒரு சாட்சிதான்."

இவ்வாறு சொல்லிவிட்டு அவர் ஒரு பழைய கதையை எடுத்தார். ஒரு பனைவிளையின் எல்லையைப் பற்றிப் பங்காளிகளுக்குள் வழக்கு நேர, ஊரார் பாட்டையாவை நடுவராக வைத்தனர். எல்லைக்கல் உடைமரத்துக்குக் கிழக்கே நடப்பட்டது என்பதற்கு இருவர் சாட்சி சொல்ல வந்தனர். ஒருவரை வெளியே நிறுத்தி ஒருவரை விசாரித்தார். "உச்சிப்பொழுது, காகம் கரைந்தது, கல்லை நட்டார்கள்" என்றார் முதல்வர். அவரை அனுப்பி மற்றவரை அழைத்தார். "உச்சிப்பொழுது, காகம் கரைந்தது, கல்லை நட்டார்கள்" என்றார் அவரும். சொல்லுக்குச் சொல் மாறாதிருந்தது. வேறெவரேனும் ஆயின் இரு சாட்சியும் ஒத்தன என்று தீர்ப்புச் சொல்லியிருப்பர். பாட்டையாவோ ஒவ்வொருவரிடமும் ஒரே வினாவை வினவினார்: "இன்று காலை உங்களுக்குக் கருப்புக்கட்டிக் காப்பி கொடுத்தவர் யார்?" இருவரும் ஒரே வீட்டைச் சொன்னார்கள்.

"வேறு வேறு இடத்தில் நின்றவர்கள் ஒன்றையே வேறு வேறு விதமாய்ப் பார்ப்பார்கள். இம்மி பிசகாமல் ஒரே அளவாகச் சொன்னால், இருவருக்கும் காப்பி கொடுத்தவர் ஒருவர் உண்டு. அவரைத் தேட வேண்டும்" என்று முடித்தார் பாட்டையா. யான் விடையின்றி இருந்தேன்.

விடுமுறை கழிந்து கல்லூரிக்கு வந்ததும் நேரே நிலவியற் பேராசிரியரிடம் சென்றேன். "ஐயா, மேல்நீரில் வாழ்ந்தவற்றை மட்டும் கேட்டால் அஃது ஒரு சாட்சிதானே என்று என் பாட்டனார் கேட்கிறார்" என்றேன். அவர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உம் பாட்டனார் எந்தக் கல்லூரியில் படித்தவர்?" என்று வினவினார். பின்னர் அவர் சொன்னதன் சாரம் இது.

கனத்த அணு ஓட்டில் மிகுவதற்குக் காரணம் குளிர்ச்சி ஒன்று மட்டுமன்று. கடல்நீர் ஆவியாகும்போது இலேசான அணுவுடைய நீர் எளிதில் எழும், கனத்தது பின்தங்கும். அந்த இலேசான நீர் துருவங்களை அடைந்து பனியாய் விழுந்து, உருகாமல் மலைமலையாய்க் குவிந்துவிட்டால், கடலிலே எஞ்சும் நீர் கனத்த அணு மிக்கதாகும். பனியூழியின் உச்சியில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகட்கு முன், இவ்வாறு பனியாய் நின்ற நீரால் கடல்மட்டமே ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அத்தகைய நீரிலிருந்து கட்டிய ஓடும், நீர் சிறிதும் குளிராவிடினும், கனத்த அணு மிக்கே இருக்கும். எனவே ஓடு தரும் எண் ஒன்று. அதன் பொருளோ இரண்டு. சிலேடைப் பாட்டைப் படித்தவர்க்கு இது விளங்காததன்று. ஆயினும் சிலேடையிலே இரு பொருளும் வேறு வேறு திசையிற் செல்லும். இங்கே குளிரும் பனியும் எண்ணை ஒரே பக்கம் தள்ளுகின்றன. பிரிப்பது எங்ஙனம்? எமிலியானி பனியின் பங்கு சிறிதே என்று மதித்துக் கொண்டார்.

கேம்பிரிட்ஜில் இருந்த நிக்கலஸ் ஷாக்கிள்டன் மற்றொரு சாட்சியைத் தேடினார். கடலின் அடிச்சேற்றில் வாழ்ந்த போராமினிபெராவே அது. அடியில் வாழ்வன தொகையிற் குறைவு. பழைய கருவிகளுக்கு வேண்டிய அளவு ஓடுகளைப் பொறுக்கி எடுத்தல் அரிது. அவர் கருவியைச் செப்பஞ்செய்து, மிகச் சிறிய அளவு ஓட்டினையும் அளக்குமாறு ஆக்கினார். கண்டது யாது? மேல்நீரில் வாழ்ந்தது காட்டிய மாறுதலும், பல ஆயிரம் அடி ஆழத்தே இருளில் வாழ்ந்தது காட்டிய மாறுதலும் ஏறக்குறைய ஒரே அளவின. 1967-இல் அவர் இதனை வெளியிட்டார்.

இவ்விடத்தில் யான் பேராசிரியரைத் தடுத்து, "எஞ்சியதைச் சொல்லவேண்டாம் ஐயா, முதலில் ஊருக்கு எழுதுகிறேன்" என்று விடைபெற்றேன். அன்றிரவே பாட்டையாவுக்குக் கடிதம் எழுதினேன். பனியின் செய்தியை விளக்கி, மேலே வாழ்ந்த ஓடும் கீழே வாழ்ந்த ஓடும் ஒரே அளவு சொல்லுகின்றன. தீர்ப்பு யாது என்று வினவினேன். எத்தனை ஆண்டு என்னும் தொகையை அக்கடிதத்திலும் எழுதினேனல்லேன்.

பத்தாம் நாள் விடை வந்தது. நடுங்கும் எழுத்தாயினும் வரி கோணவில்லை. அதனை உள்ளபடியே தருகின்றேன்:

"அன்புள்ள பேரனுக்கு. சுகம். மேல்தண்ணீர் வெயிலையும் காற்றையும் அறியும், அடித்தண்ணீர் அறியாது. ஆகையால் இருவரும் ஒரே அளவாய்ச் சொல்லுவது சூட்டையும் குளிரையும் பற்றியதாக இருக்க முடியாது. இருவருக்கும் காப்பி கொடுத்தது கடல். தண்ணீரே மாறியிருக்கிறது. பனியைப் பற்றித்தான் சாட்சி சொல்லுகிறார்கள். இது சரியா என்று கேட்டெழுது. மற்றொன்று. நம் ஊர்க் குளம் இவ்வாண்டும் நிரம்பவில்லை. அந்தப் பூச்சிகள் மழையைப் பற்றி ஏதேனும் சொல்லுமா? பின்னும் ஒன்று. கோடையில் நீ 'மிகப் பழையவை' என்று சொன்னபோது உன் கண் தாழ்ந்தது. தெரிந்ததை மறைக்கிறவனும் பொய்ச்சாட்சிதான். தொகையை எழுது."

முதற் பகுதியைப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் இருமுறை படித்தார். ஷாக்கிள்டன் கொண்ட முடிபும் அதுவே என்றார். அவர் சேர்த்துரைத்த மற்றொரு நியாயம் இது: ஆழ்கடலின் அடிநீர் இன்றே உறைநிலைக்கு மூன்று நான்கு டிகிரி மேலேதான் இருக்கின்றது, ஓடு காட்டும் மாறுதல் முழுவதும் குளிரால் வந்ததாயின் அது மேலும் ஆறு ஏழு டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும், அங்ஙனமாயின் கடலடி பனிக்கட்டியாகி யிருக்கும், அங்குப் பிராணி ஏது? எமிலியானி எளிதில் இசைந்தாரல்லர். பிற்கால ஆராய்ச்சிகள் அடிநீரும் இரண்டொரு டிகிரி குளிர்ந்ததென்றே காட்டியுள்ளன; ஆகவே பனி மட்டுமே என்பதும் பொருந்தாது. ஓட்டிலுள்ள மக்னீசியத்தின் அளவு வெப்பத்தோடு மிகும் எனக் கண்டபின், குளிரின் பங்கை அதனால் தனியே அளந்து, எஞ்சியதை நீருக்கு உரியதாக்கும் வழியும் பிறந்தது. எமிலியானியின் மேல் எனக்குத் தாழ்ந்த எண்ணம் உண்டாகவில்லை. அவர் கண்ட அலைகள் மெய். அலைகளின் உரையே திருந்திற்று. மூலம் ஒன்றிருக்க உரையாசிரியர் மாறுபடுதல் எங்கள் துறையிலும் நாள்தோறும் காண்பதுதானே.

இவ்வாராய்ச்சியின் மணிமுடி என்று நிலவியலார் கூறுவது 1976-இல் ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் என்னும் மூவர் வெளியிட்ட கட்டுரை. அவர்கள் ஆராய்ந்த சேறு நம் இந்துமாக்கடலின் தென்கோடியிலிருந்து எடுக்கப்பட்டது. மிதக்கும் ஒருவகைப் போராமினிபெராவின் ஐசோடோப்பு அளவு; ரேடியோலேரியா என்னும் வேறோர் இனத்தின் கூட்டத்தைக்கொண்டு கணித்த கோடை வெப்பம்; அவ்வினத்துள் ஒரு சாதியின் பெருக்கமும் குறைவும். சாட்சி மூன்று. மூன்றும் ஏறக்குறைய 1,00,000, 42,000, 23,000 ஆண்டுகட்கு ஒருமுறை மீளும் அலைகளைக் காட்டின. பூமி ஞாயிற்றைச் சுற்றும் பாதை விரிந்து ஒடுங்குவதும், அதன் அச்சுச் சாய்வதும், பம்பரம்போல் தலைசுழல்வதும் அக்கால அளவுகளிலேயே நிகழ்கின்றன. பனியூழிக்கு இவையே காரணம் என்று வாழ்நாளெல்லாம் கையாற் கணக்கிட்டுக் காட்டிய செர்பியராகிய மிலங்கோவிச் 1958-இலேயே இறந்துவிட்டார். தம் வழக்கு வென்றதை அவர் அறியார். அதனைப் படித்த இரவில் எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

சாட்சியைக் கலைப்பதும் உண்டு என்பதைத் தோழனிடம் கற்றேன். மண்ணுள் நெடுங்காலம் கிடக்கும் ஓடு, சேற்றிலுள்ள நீரோடு தன் பொருளைச் சிறுகச் சிறுக மாற்றிக்கொள்ளும். வடிவு மாறாது, உருப்பெருக்கியிலே சற்று வெள்ளையாய், சர்க்கரை தூவினாற்போலத் தோன்றும், எண்ணோ அடிக்கடலின் குளிரைச் சொல்லும். கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் உலகம் சூடாயிருந்தும் வெப்பமண்டலக் கடல் மட்டும் குளிர்ந்திருந்தது என்று நெடுநாள் ஆராய்ச்சியாளர் மயங்கினமைக்கு இது காரணமாயிற்று. பால் பியர்சன் என்பாரும் அவர் கூட்டத்தாரும் தான்சானியாவின் களிமண்ணில், நீர் புகாமையின், கண்ணாடிபோல் கெடாதிருந்த ஓடுகளை எடுத்தளந்து 2001-இல் அம்மயக்கத்தைத் தீர்த்தனர். அக்கடலும் நன்கு வெதுவெதுப்பாகவே இருந்தது. இடைச்செருகல் புகுந்த ஏட்டை மூலமென்று நம்பிப் பொருளுரைத்தாற் போன்றதே பழைய மயக்கம். எங்கள் காரை ஓடுகள் எத்தகையன என்று கேட்டேன். "கலந்திருக்கின்றன, ஒவ்வொன்றாய்ப் பார்த்தே தெளிய வேண்டும்" என்றான். அன்றுமுதல் மாலைதோறும் அவனுக்குத் துணையாய்ப் பொறுக்கி வருகின்றேன். மூச்சை அடக்கவும் பழகிவிட்டேன்.

பாட்டையாவின் இரண்டாம் வினாவுக்கு விடை தேடுதல் எளிதாயிற்று. வங்காள விரிகுடாவில் கங்கையும் மகாநதியும் கோதாவரியும் கொண்டு கொட்டும் மழைநீர் கடலுப்பைக் குறைக்கின்றது. மழைநீர் இலேசான அணு மிக்கது. ஆதலின் அங்கு மிதந்த ஓடு, மழை மிக்க காலத்தையும் குறைந்த காலத்தையும் தன் எண்ணிற் காட்டும். 2014 நவம்பர் முதல் 2015 ஜனவரி வரை ஜாய்டிஸ் ரிசொல்யூஷன் என்னும் துளையிடும் கப்பல் இதனை அறியவே அக்கடலில் மண்ணெடுத்தது. அம்மண்ணைக்கொண்டு 9 இலட்சம் ஆண்டுகளின் கோடைப் பருவமழையை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டனர். காற்றிலே கரியமிலவாயு மிக்கு, பனி குறைந்த காலங்களில் அம்மழை வலுத்தது, பனியூழியில் மெலிந்தது. ஆயினும் இது தென்மேற்குப் பருவமழையின் கதை. எங்கள் ஊர்க் குளத்தை நிரப்புவது வடகிழக்குப் பருவமழை. இதனை மறையாது எழுதினேன்.

மூன்றாம் வினாவுக்கு விடையெழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. எழுதிய தாள்களைக் கிழித்தேன். அவர் பட்டிகையை எண்ணினேன். அதனைப் பார்த்தே ஒன்று, பத்து, நூறு என்று யான் கற்றதையும் எண்ணினேன். விடுதிச் சிற்றாலயத்தில் ஒரு மாலை தனியே இருந்தேன். கடைசியில், "காரையின் கடல் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது பாட்டையா, கோடையில் இதனை நான் அறிந்திருந்தும் சொல்லவில்லை, மன்னியுங்கள்" என்று தொடங்கிவிட்டேன். தொடங்கியபின் கை ஓடிற்று. அம்மனைட் முதலிய அற்றுப்போன இனங்கள் எவ்வடுக்கில் எவை என ஒப்பிடுதலும், அவ்வினங்களே கிடைக்கும் வேறு நாட்டு அடுக்குகளிடையே எரிமலைச் சாம்பலிலுள்ள கனிகளில் யுரேனியம் ஈயமாய்ச் சிதையும் அளவைக்கொண்டு காலம் கணித்தலும் பற்றி எழுதினேன். ஆழ்கடற் சேற்றிலே, பூமியின் காந்தம் வடக்கு தெற்காய் மாறிய ஏறக்குறைய 7,70,000 ஆண்டுக்கு முந்திய அடையாளம் உலகெங்கும் ஒரே அடுக்கில் நிற்பதையும் எழுதினேன். சாட்சிகள் ஒருவரையொருவர் அறியாதவர். ஒருவர் அணுவின் சிதைவை அறிவார். ஒருவர் காந்தத்தை அறிவார். ஒருவர் ஞாயிற்றின் சுற்றை அறிவார் என்று முடித்து, அஞ்சற்பெட்டியிற் போட்டேன்.

விடை வரவில்லை. ஆவணியும் புரட்டாசியும் கழிந்தன. வீட்டிலிருந்து பேசும்போதெல்லாம் பாட்டையா நலம் என்றே சொன்னார்கள். கடிதம் கிடைத்ததா என்று கேட்க எனக்கு வாய் எழவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றேன். பாட்டையா என்னைத் தலையிற் கைவைத்து வாழ்த்தி, சாப்பிட்டாயா என்று கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை. ஆராதனை முடிந்து வந்த அன்று பகல் அவர் கண்ணயர்ந்திருந்த வேளையில் அவர் அறைக்குட் சென்றேன். பட்டிகை அதே ஆணியில் தொங்கியது. ஓரெழுத்தும் அடிக்கப்படவில்லை. 6000 என்னும் தொகையும் அப்படியே இருந்தது. ஆனால் அதன்கீழ் ஒரு விரற்கடை இடம் விட்டு, புதிய மையில், நடுங்கும் அதே எழுத்தால் எழுதியிருந்தது:

"காரை. 10 கோடி. சொன்னவன்: பேரன். சாட்சி: ஒன்று."

அதற்குக் கீழே, அடுத்த பெயருக்கென்று, "சொன்னவன்" என்னும் சொல்லை மட்டும் எழுதி, எஞ்சிய வரியை வெறுமையாய் விட்டிருந்தார்.

வரும் கோடைக்கு என் அறைத்தோழனை ஊருக்கு அழைத்திருக்கின்றேன். வருவதாக ஒப்புக்கொண்டான். ஆயினும் ஒரு கவலை. அவனும் யானும் ஒரே பேராசிரியரிடம் கேட்டவர்கள். ஒரே சொல்லைச் சொல்லிவிடுவோமோ என்று அஞ்சுகின்றேன். பாட்டையா முதலில் அவனிடம் காப்பியைப் பற்றித்தான் கேட்பார்.